16 எம்.எம். சுருளில் காந்தி: டப்பாவில் "1921" என்று எழுதியிருக்கிறது, நம்பலாமா?

கேள்வி: தகரப்பெட்டி

அனைவருக்கும் வணக்கம். மயிலாப்பூரில் ஒரு குடும்பத்தார் வைத்திருந்த 16 எம்.எம். சுருள் ஒன்று பார்வைக்கு வந்திருக்கிறது. 100 அடி ஸ்பூல், தகர டப்பா. டப்பா மேல் ஒட்டிய காகிதத்தில் மையில் "காந்திஜி, மதறாஸ், 1921" என்று இருக்கிறது. கடையில் கொடுத்து எடுத்த எம்.பி.4 கோப்பு 2 நிமிடம் 34 விநாடி, விநாடிக்கு 25 ஃபிரேம். ஒலி கிடையாது. எல்லாரும் ஓட்டமும் நடையுமாகத் தெரிகிறார்கள்.

படத்தில் இருப்பது: முதலில் தெருக்காட்சிகள். ஒரு டிராம் போகிறது, அடுத்து உயரமான பீடத்தில் ஒரு சிலை. அதன்பின் சட்டென்று ஒரு பந்தல். தொண்டர்கள் அணிவகுத்து நடக்கிறார்கள், கொடி ஏற்றியிருக்கிறது, மேடையில் காந்தி அரையாடையில் உட்கார்ந்திருக்கிறார். பிறகு தலைப்பாகை கட்டிய முதியவர் ஒருவர் கையில் தாளை வைத்துக்கொண்டு வாசிக்கிறார்.

அந்த முதியவர் உ.வே.சாமிநாதையர் என்று குடும்பத்தார் சொல்கிறார்கள். சிலை ஆங்கிலேயப் படைத் தளபதி நீலின் சிலை, ஆகவே 1937க்கு முந்தைய படம் என்பது அவர்கள் கணக்கு. நான் கேட்பது மூன்று: 1921 சரியா? இல்லையென்றால் ஆண்டை எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த முதியவர் உ.வே.சா.தான் என்று எதை வைத்து உறுதி செய்வது? பட்டியலில் தப்பாக ஏற்றிவிட்டால் பிறகு எல்லாரும் அதையே எடுத்து எழுதுவார்கள், அதனால்தான் முன்னதாகவே கேட்கிறேன்.

பதில்: ஓரக்குறி

1921 இல்லை. படத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். 16 எம்.எம். ஃபிலிம் 1923இல்தான் விற்பனைக்கு வந்தது. 1921இல் எடுத்த 35 எம்.எம். படத்தைப் பின்னாளில் 16க்குச் சுருக்கிப் பிரதி எடுத்திருந்தால் மட்டுமே அந்தக் காகிதம் உண்மையாக முடியும். ஆகவே முதலில் தீர்க்க வேண்டியது, உங்கள் கையில் இருப்பது கேமராவுக்குள் ஓடிய மூலச் சுருளா, பிரதியா என்பது. இதற்குக் கோப்பு உதவாது, ஓரங்களை வெட்டிவிட்டுத்தான் கடைக்காரர்கள் மாற்றித் தருவார்கள். டப்பாவைத் திறந்து ஃபிலிமைப் பாருங்கள்.

வேண்டியவை: லைட் பெட்டி (இல்லையென்றால் வெள்ளைத் திரை வைத்த டேப்லெட்), 10 மடங்கு பெரிதாக்கும் லூப், பருத்திக் கையுறை, மி.மீ. அளவுகோல். கையால்தான் சுற்ற வேண்டும், புரொஜெக்டரில் ஏற்றவே கூடாது. முதலில் மோந்து பாருங்கள். புளித்த காடி வாடை அடித்தால் ஃபிலிமின் அசிடேட் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள், அந்த டப்பாவை மற்றச் சுருள்களிடமிருந்து விலக்கி வையுங்கள். 16 எம்.எம். பாதுகாப்பு ஃபிலிமாகவே வந்தது, ஆகவே தீப்பற்றும் நைட்ரேட் பயம் இதில் இல்லை. இதையே 35 எம்.எம். சுருளுக்கு நினைத்துவிடாதீர்கள். 1951 வாக்கில்தான் கோடாக் நைட்ரேட்டை நிறுத்தியது.

அடுத்தது சுருக்கம். 16 எம்.எம்.மில் ஒரு ஃபிரேமின் நீளம் 7.62 மி.மீ. இழுக்காமல் 100 ஃபிரேமை அளந்தால் 762 மி.மீ. இருக்க வேண்டும். 754க்குக் கீழே வந்தால் சுருக்கம் ஒரு விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. பல் வைத்த இயந்திரம் எதிலும் ஏற்றினால் துளைகள் கிழியும், பல்லில்லாத ரோலரில் ஓடும் ஸ்கேனரே வேண்டும்.

இனி ஓரம். மூன்று விதமாக வரும்:

படம் நேராக (வெள்ளை வெள்ளையாக, கறுப்பு கறுப்பாக) இருந்து, ஓரம் கறுப்பாகவும் எழுத்து தெளிந்தும் இருந்தால் அது பெரும்பாலும் ரிவர்சல் ஃபிலிம். கேமராவில் ஓடிய அதே துண்டைக் கழுவிப் படமாக்கியது. 1930களில் வீட்டுக் கேமரா வைத்திருந்தவர்கள் வாங்கியது பெரும்பாலும் இதுவே. படம் தலைகீழ் நிறத்தில், ஓரம் தெளிந்து, எழுத்து கறுப்பாக இருந்தால் நெகட்டிவ். மூன்றாவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நெகட்டிவிலிருந்து பிரதி எடுக்கும்போது ஓரத்திலும் வெளிச்சம் பட்டால் நெகட்டிவின் ஓர எழுத்து பிரதியில் வெள்ளையாக விழும். பிரதி ஃபிலிமுக்கென்று ஆலையில் அடித்த எழுத்தோ கறுப்பாகத் தெரியும். ஒரே துண்டில் இரண்டும் இருந்தால் இரண்டு ஆண்டுகள் கிடைக்கின்றன: வெள்ளை எழுத்து நெகட்டிவ் செய்த ஆண்டு, கறுப்பு எழுத்து பிரதி ஃபிலிம் செய்த ஆண்டு. இரண்டையும் குழப்பினால் கணக்கு பத்திருபது ஆண்டு தவறிவிடும்.

ரிவர்சல் மூலமா, அதன் பிரதியா என்பதற்கு இன்னொரு சோதனையும் உண்டு. படத்துக்குள் பெயர்ப்பலகை ஏதாவது இருக்கும். ஃபிலிமின் மங்கலான பக்கம் எமல்ஷன், பளபளப்பான பக்கம் அடித்தளம். பளபளப்பான பக்கத்திலிருந்து பார்க்கும்போது எழுத்து நேராக வாசிக்க வந்தால் கேமரா மூலம், மங்கல் பக்கத்திலிருந்து நேராக வந்தால் அதை ஒட்டி எடுத்த பிரதி.

இனி ஆண்டுக் குறி. கோடாக் 1916 முதல் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று குறி வைத்தது. 1916 ஒரு வட்டம், 1917 ஒரு சதுரம், 1918 ஒரு முக்கோணம், 1919 இரண்டு வட்டம், 1920 இரண்டு சதுரம், 1921 இரண்டு முக்கோணம், அதன்பின் கலப்புக் குறிகள். 20 ஆண்டுக்கு ஒருமுறை வரிசை மீண்டும் முதலிலிருந்து வரும். ஒரு வட்டம் என்றால் 1916, 1936, 1956 மூன்றில் ஒன்று. இது அமெரிக்க ராசெஸ்டர் ஆலையின் வரிசை. இங்கிலாந்திலும் கனடாவிலும் செய்த சுருளுக்கு அட்டவணை வேறு. அதனால் குறியை மட்டும் படமெடுக்காமல், ஓரத்தில் உள்ள எழுத்து முழுவதையும் ஓரடி நீளத்துக்குத் தொடர்ச்சியாகப் படமெடுத்துப் போடுங்கள்.

ஒன்றை மனத்தில் வையுங்கள். அந்தக் குறி ஃபிலிம் செய்த ஆண்டுதான், படம் எடுத்த ஆண்டு ஆகாது. ஆலையில் வெட்டி, கப்பலில் வந்து, கடை அலமாரியில் இருந்து, கேமராவில் ஏறவேண்டும். ஓரிரு ஆண்டு தள்ளிப்போவது சாதாரணம். அதற்கு முன்னால் எடுத்திருக்க முடியாது என்பது மட்டும் உறுதி.

கடைசியாக ஒட்டுகள். தெருக்காட்சிக்கும் பந்தலுக்கும் நடுவே "சட்டென்று" என்றீர்கள். அந்த இடத்தில் ஃபிலிம் வெட்டி ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், தடிப்பு தட்டும். ஒட்டு இருந்தால் இரு பக்கத்துக் குறியையும் தனித்தனியே எழுதுங்கள். ஒரே டப்பாவில் இருப்பதால் ஒரே நாளில் எடுத்தது என்று ஆகிவிடாது.

வேகம் பற்றி: 154 விநாடியை 25ஆல் பெருக்கினால் 3,850 ஃபிரேம். 16 எம்.எம்.மில் ஓரடிக்கு 40 ஃபிரேம், ஆக 96 அடி. 100 அடி ஸ்பூலுக்குப் பொருந்துகிறது. ஃபிரேம்களை இரட்டிக்காமல் ஒன்றுக்கு ஒன்றாக மாற்றியிருக்கிறார்கள் என்று தெரிகிறது, நல்லது. எடுத்த வேகம் 16 ஆக இருந்திருக்கும். 25இல் ஓடுவதால் ஒன்றரை மடங்குக்கு மேல் விரைகிறார்கள். தொண்டர் அணிவகுப்பில் ஒரு காலடிக்கும் அடுத்த காலடிக்கும் நடுவே ஃபிரேம்களை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 120 அடி வைக்கும் நடையானால் 16 வேகத்தில் 8 ஃபிரேம் வரும்.

பதில்: நாள்வழி

ஓரக்குறி சொன்னதை முடித்துவிட்டுத்தான் இதற்கு வரவேண்டும். ஆனாலும் படத்துக்குள் இருப்பவற்றைக் கொண்டு சில எல்லைகளை இப்போதே போட்டுவிடலாம். ஒரு தாளில் இரண்டு பத்தி கிழியுங்கள்: "இதற்கு முன் அல்ல", "இதற்குப் பின் அல்ல". ஒவ்வொரு பொருளும் ஏதாவது ஒரு பத்தியில்தான் விழும். நேரடியாகத் தேதி சொல்லும் பொருள் அபூர்வம்.

காந்தியின் உடை. அரையாடைக்கு அவர் மாறியது 1921 செப்டம்பர் 22, மதுரையில். மதறாஸ் வழியாக வந்தபோது இன்னும் மாறவில்லை. ஆக, மதறாஸில் அரையாடையில் இருந்தால் அது 1921இன் பயணமே ஆகாது, அடுத்த பயணங்களில் ஒன்றுதான். இதற்கு மேல் அவர் உருவத்திலிருந்து ஆண்டைப் பிழிய முயலாதீர்கள். 1925க்கும் 1946க்கும் நடுவே மங்கலான 16 எம்.எம். ஃபிரேமில் அவரைப் பார்த்து ஆண்டு சொல்வது வெறும் ஊகம். மேடையில் அவர் வாயசைத்துப் பேசுவது தெரிந்தால் அன்று திங்கட்கிழமையாக இருக்க வாய்ப்பில்லை, திங்கள் அவருக்கு மௌன நாள். சிறிய துப்புதான், ஆனால் பிறகு நாட்களைச் சல்லடை போடும்போது கைகொடுக்கும்.

கொடி. இதைப் பெரிதாக்கிப் பாருங்கள். 1921 முதல் காங்கிரஸ் கூட்டங்களில் பறந்த கொடியில் வெள்ளை மேலே, பச்சை நடுவே, சிவப்பு கீழே. ராட்டை மூன்று பட்டையின் மேலும் பெரிதாகப் படர்ந்திருக்கும். 1931இல் ஏற்ற கொடியில் காவி, வெள்ளை, பச்சை. ராட்டை நடுவிலுள்ள வெள்ளைப் பட்டைக்குள் மட்டும். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது, வெளிர்ப் பட்டை எங்கே இருக்கிறது என்பது தெரியும். மேலே வெளிர் என்றால் பழைய கொடி, நடுவே வெளிர் என்றால் 1931க்குப் பின். மற்ற இரண்டு பட்டைகளின் சாயலை நம்ப வேண்டாம். சிவப்பொளியை உணராத ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமில் சிவப்பு கறுப்பாக விழும், நீல வானம் வெளுத்துப் போகும், குங்குமப் பொட்டு மைப்பொட்டு போலிருக்கும், வெற்றிலை போட்ட உதடு கறுத்திருக்கும். எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாட்டிக் ஃபிலிமில் அப்படி இருக்காது. வெள்ளை மட்டும் இரண்டிலும் வெள்ளையே.

டிராம். மதறாஸில் மின் டிராம் ஓடியது 1895 முதல் 1953 வரை. 1953க்குப் பின் அல்ல என்று எழுதுங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும், ஆனால் 20 ஆண்டுச் சுழற்சியில் வரும் ஓரக்குறிக்கு இப்படிப்பட்ட எல்லைதான் பூட்டு.

சிலை. நீல் சிலையை மவுண்ட் ரோட்டிலிருந்து 1937இல் எடுத்தார்கள், அது சரி. ஆனால் அது நீல்தான் என்று யார் பார்த்தார்கள்? நீல் நின்றகோலச் சிலை. தீவுத்திடல் பக்கம் உள்ள மன்றோ குதிரைமேல் இருப்பவர், அங்கவடி இல்லாமல். உயரமான பீடம், கீழிருந்து மேல்நோக்கி எடுத்த காட்சி, வெயிலில் கறுத்த உருவம் என்றால் அவசரத்தில் ஒன்றை இன்னொன்றாகச் சொல்லிவிடுவோம். குதிரை உண்டா இல்லையா என்று பாருங்கள். மன்றோ 1839 முதல் அங்கேயே இருப்பவர், தேதிக்கு அவரால் பயனில்லை.

நிழல். நம் ஊர்ப் படங்களில் இதை யாரும் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் 25 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல். இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நடுப்பகல் நிழல் தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே. கட்டடத்தின் எந்தப் பக்கம் வடக்கு என்று தெரிந்தால் ஒரே பார்வையில் எட்டு மாதமோ நான்கு மாதமோ கழிந்துவிடும். சாயங்கால நிழலும் உதவும். மார்ச் இறுதியில் சூரியன் கிட்டத்தட்ட நேர் மேற்கில் இறங்குவதால் நிழல் நேர் கிழக்கே நீளும். ஜூனில் சூரியன் மேற்கிலிருந்து 24 டிகிரி வடக்கே தள்ளி இறங்கும், நிழல் தென்கிழக்காகச் சாயும். டிசம்பரில் எதிர்ப்பக்கம். தெருவின் திசையை இன்றைய வரைபடத்தில் அளந்து ஒப்பிடலாம்.

ஆனால் அதற்கு முன் படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். ஸ்கேன் செய்யும்போது ஃபிலிமைப் புரட்டிப் போட்டால் எல்லாம் கண்ணாடிப் பிம்பம் ஆகிவிடும். வண்டிகள் சாலையின் இடப்பக்கம் போகின்றனவா? மேலாடை இல்லாதவர்களின் பூணூல் இடத்தோளில் இருக்கிறதா? புடவைத் தலைப்பு? ஒருவருக்கு மட்டும் மாறியிருந்தால் பொருட்படுத்த வேண்டாம், எல்லாருக்கும் மாறியிருந்தால் கோப்பைத் திருப்புங்கள்.

தகரப்பெட்டி

மிக்க நன்றி ஐயா, இருவருக்கும். பார்த்துவிட்டேன்.

வாடை இல்லை. 100 ஃபிரேம் 757 மி.மீ. ஓரம் முழுக்கக் கறுப்பு, எழுத்து தெளிவாக வெள்ளை. டிராம் பக்கத்துப் பெயர்ப்பலகை, பளபளப்பான பக்கத்திலிருந்து பார்த்தால் நேராக வாசிக்க வருகிறது. தெருவுக்கும் பந்தலுக்கும் நடுவே ஒட்டு இருக்கிறது, தடிப்பு நன்றாகவே தட்டுகிறது. ஒட்டுக்கு முன்னால் தெருத் துண்டில் இரண்டு வட்டம், பின்னால் பந்தல் துண்டில் ஒரு வட்டம். ஓரடி நீளப் படங்களை இணைத்திருக்கிறேன்.

சிலைக்குக் குதிரை உண்டு! கொடியில் வெளிர்ப் பட்டை நடுவில், அதற்குள் ராட்டை. காலடிக்கு நடுவே 8, சில இடத்தில் 9 ஃபிரேம். பூணூல், வண்டிகள் எல்லாம் சரியான பக்கத்தில் இருக்கின்றன.

ஓரக்குறி

757 என்றால் சுருக்கம் 0.66 விழுக்காடு. கவனமாகக் கையாண்டால் நல்ல ஸ்கேன் எடுக்கலாம். எடுக்கும்போது துளையும் ஓரமும் தெரியும்படி, ஃபிரேமுக்கு ஃபிரேம் தனிப் படமாகக் கேளுங்கள்.

ஓர எழுத்து ராசெஸ்டர் வரிசையோடு பொருந்துகிறது. இரண்டு துண்டும் ரிவர்சல் மூலம். ஆகவே "1921 படத்தின் சுருக்கிய பிரதி" என்ற வாய்ப்பும் போய்விட்டது.

தெருத் துண்டு: இரண்டு வட்டம், 1919, 1939 அல்லது 1959. 1919இல் 16 எம்.எம். கிடையாது. 1959இல் டிராம் கிடையாது. எஞ்சுவது 1939. ஆக, 1939க்கு முன் எடுத்ததல்ல, 1953க்குப் பின் எடுத்ததல்ல. நீல் என்று சொல்லிக்கொண்டிருந்தால் 1939இல் செய்த ஃபிலிமில் 1937இல் அகற்றிய சிலை வந்திருக்கும். முரண்பாடு அங்கேயே பிடிபட்டிருக்கும்.

பந்தல் துண்டு: ஒரு வட்டம், 1916, 1936 அல்லது 1956. 1916ஐ ஃபிலிம் அளவு தள்ளுகிறது, 1956ஐ மேடையில் காந்தி உயிரோடு இருப்பது தள்ளுகிறது. 1936. கொடியும் ஒத்துப்போகிறது.

பந்தல் காட்சிதான் பெரும்பாலும் முந்தையது, தெரு பிந்தையது. யாரோ இரண்டையும் ஒரே ஸ்பூலில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். சிலையையும் டிராமையும் வைத்துக் கூட்டத்தின் தேதியைத் தேடியிருந்தால் வேறொரு படத்தின் தேதியைத் தேடியிருப்பீர்கள்.

பதில்: முகவரிசை

முதியவர் பற்றி நான் சொல்கிறேன். ஆர்வம் தருகிற செய்தி முதலில்: 1937 மார்ச் 26 முதல் 28 வரை காந்தி மதறாஸில் இருந்தார். இந்திப் பிரச்சார சபை பட்டமளிப்பு, பாரதிய சாகித்ய பரிஷத் கூட்டம். பரிஷத்தின் வரவேற்புக் குழுத் தலைவர் உ.வே.சா. அவர் தமிழில் வரவேற்புரை வாசித்தார், அதைக் கேட்ட காந்தி இவரிடம் மாணவனாக இருந்து தமிழ் கற்க ஆசை எழுகிறது என்ற பொருள்படப் பேசினார். 1936இல் செய்த ஃபிலிம், தாளை வைத்து வாசிக்கும் தலைப்பாகை முதியவர். மனம் உடனே முடிச்சுப் போட்டுவிடும். எனக்கும் அப்படி இருக்கவேண்டும் என்ற ஆசைதான். அதனால்தான் இங்கே நிதானம் வேண்டும்.

எச்சரிக்கை இதுதான்: "இவர் உ.வே.சா., ஆகவே இது 1937" என்று தேதிக்கு ஆளைச் சாட்சியாக்கிவிட்டு, "இது 1937, ஆகவே இவர் உ.வே.சா." என்று ஆளுக்குத் தேதியைச் சாட்சியாக்கக் கூடாது. பழைய படங்களில் தவறான பெயர்கள் நிலைத்துப்போவது பெரும்பாலும் இந்த வழியில்தான். தேதியை ஆளில்லாமலும், ஆளைத் தேதியில்லாமலும் தனித்தனியே நிறுத்திப் பாருங்கள்.

இறந்த தேதி மட்டும் விதிவிலக்கு. அது எல்லை போடும், ஆனால் ஆள் ஐயமில்லாமல் தெரிந்திருந்தால் மட்டுமே. இங்கிலாந்தில் லீட்ஸ் அருகே ரவுண்ட்ஹே தோட்டத்தில் திரைப்பட முன்னோடி லெ பிரின்ஸ் எடுத்த துண்டுப்படத்தில் சாரா விட்லி அம்மையார் நடக்கிறார். அவர் 1888 அக்டோபர் 24இல் காலமானார். அதற்குப் பின் எடுத்த படம் என்று எவரும் சொல்ல முடியாது. உங்கள் மேடையில் காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாய் இருப்பது உறுதியானால் 1942 ஆகஸ்ட் 15க்குப் பின் அல்ல. கஸ்தூரிபா என்றால் 1944 பிப்ரவரி 22க்குப் பின் அல்ல. உ.வே.சா. மறைந்தது 1942 ஏப்ரல் 28. ஆனால் அவரே கேள்விக்குறியாக இருக்கும்போது அந்தத் தேதியை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

தேதியைத் தனியே நிறுத்த: காந்தியின் எழுத்துத் தொகுப்பில் நாள்வாரியாக அவர் எங்கிருந்தார் என்பது கிடைக்கும் (தொகுதி எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும், தேதியை வைத்தே தேடுங்கள்). 1936 முதல் 1940 வரை எல்லா நாளையும் எடுத்து, தென்னாட்டில் பந்தல் போட்டுக் கூட்டம் நடந்த நாட்களைப் பட்டியலிடுங்கள். "மதறாஸ்" என்று சொல்வது அந்தக் காகிதம் மட்டும்தான், ஆண்டைத் தப்பாகச் சொன்ன காகிதம் ஊரையும் தப்பாகச் சொல்லலாம். 1937 ஜனவரியில் அவர் திருவிதாங்கூரில் சுற்றுப்பயணம் செய்தார், அதையும் பட்டியலில் வையுங்கள். பிறகு அந்தந்த வாரத்துச் சுதேசமித்திரன், தி ஹிந்து, ஆனந்த விகடன். ரோஜா முத்தையா நூலகத்தில் கேளுங்கள். செய்தியை விடப் படம் முக்கியம். பந்தலின் தூண் அலங்காரம், மேடைக்குப் பின்னுள்ள திரையின் கோலம், மைக்கின் வடிவம், மேசைவிரிப்பின் கரை, இவற்றில் இரண்டு மூன்று ஒரு பத்திரிகைப் படத்தோடு பொருந்தினால் நாளும் இடமும் கிடைத்தாயிற்று, எந்த முகத்தையும் பார்க்காமல்.

ஆளைத் தனியே நிறுத்த: தலைப்பாகை, நீண்ட கோட்டு, சால்வை மூன்றும் அந்தத் தலைமுறைப் பெரியவர்களின் பொது உடை. சீனிவாச சாஸ்திரியும் தலைப்பாகைக்காரர்தான். உடையால் யாரையும் உறுதிப்படுத்த முடியாது, சிலரைக் கழிக்கலாம். நெற்றியில் திருநீறா நாமமா என்று பாருங்கள். நாமம் என்றால் அத்தோடு உ.வே.சா. இல்லை. வயதைப் பாருங்கள். 1855 பிப்ரவரியில் பிறந்தவருக்கு 1937 மார்ச்சில் 82 நிரம்பியிருக்கிறது. எழுந்து நிற்பது, தாளைப் பிடிப்பது, யாராவது கைகொடுக்கிறார்களா என்பது எல்லாம் 82க்குப் பொருந்துகிறதா?

முகத்துக்குக் காதைப் பிடியுங்கள். முகபாவம் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும். காதுமடலின் மேல்வளைவு, மடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா தொங்குகிறதா, மூக்குக்கும் காதுக்கும் உள்ள உயர வேறுபாடு ஆகியவை மாறா. தலைப்பாகை காதின் மேல்பாதியை மறைக்கும், ஆகவே தலை திரும்பும் ஃபிரேம்களாக 10, 15 பொறுக்குங்கள். ஒப்பிடும் புகைப்படம் தேதி தெரிந்ததாகவும், கிட்டத்தட்ட அதே வயதில், அதே கோணத்தில் எடுத்ததாகவும் இருக்கவேண்டும். சென்னையிலுள்ள உ.வே.சா. நூல்நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவால் கூர்மையாக்கிய ஃபிரேமை ஒப்பீட்டுக்குத் தொடவே தொடாதீர்கள். அந்த மென்பொருள் ஃபிலிமில் இல்லாத கண்ணையும் காதையும் தானே வரைந்து நிரப்புகிறது. நீங்கள் ஒப்பிடுவது அது வரைந்த முகத்தை. வண்ணமேற்றியதும் வேண்டாம்.

பெரியவர்களிடம் காட்டும்போது "இவர் உ.வே.சா.தானே?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் வரும். மேடையில் உள்ள நான்கைந்து பேரின் ஃபிரேம்களை எண்ணிட்டு, பெயரில்லாமல் வைத்து, "இவர்களில் யாரையாவது தெரிகிறதா?" என்று கேளுங்கள். ஒருவர் சொன்னது அடுத்தவர் காதில் விழக்கூடாது. குடும்பத்தார் சொல்வதையும் அப்படியே எழுதி வையுங்கள், ஆனால் அவர்கள் எங்கிருந்து கேட்டார்கள் என்பதையும் சேர்த்து. எடுத்தவரே சொன்னதா, டப்பாவைப் பார்த்து ஊகித்ததா என்பதில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

எவ்வளவு வந்தால் போதும்? பாரிஸில் மாதலேன் தேவாலயப் படிக்கட்டில் 1904 நவம்பர் 14இல் எடுத்த திருமணப் படத்தை நினைத்துப் பாருங்கள். கிரெஃபுல் குடும்பத்துப் பெண்ணின் கல்யாணம். தொப்பியும் வெளிர்நிறக் கோட்டுமாகத் தனியே இறங்கி வரும் முப்பது வயதுக்காரர் எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட்டாக இருக்கலாம் என்று கியூபெக்கின் லவால் பல்கலைப் பேராசிரியர் ழான் பியேர் சிருவா த்ராஆன் 2017இல் எழுதினார். கல்யாணத் தேதி உறுதி, அந்தக் குடும்பத்தோடு புரூஸ்ட்டுக்குப் பழக்கம் உறுதி, வயது 33, உருவம் ஒத்துப்போகிறது. இத்தனைக்கும் பின்னும் அது "இருக்கலாம்" என்றே நிற்கிறது, முகம் ஓரிரு விநாடிதான் தெரிகிறது. உங்கள் முதியவருக்கு அதைவிட நல்ல வாய்ப்பு உண்டு, நின்று வாசிக்கிறாரே.

தகரப்பெட்டி

பெரிதாக்கிப் பார்த்தேன், நெற்றியில் குறுக்கே வெளிர்க் கோடுகள் தெரிகின்றன, நாமம் இல்லை. இன்னும் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. பத்திரிகைகளைத் தேடிக்கொண்டே இருக்கிறேன். அதுவரை பட்டியலில் என்ன எழுதுவது?

நாள்வழி

இரண்டு பதிவாகப் பிரியுங்கள்.

"துண்டு 1: சென்னைத் தெருக்காட்சிகள், மின் டிராம், மன்றோ சிலை. 16 எம்.எம். ரிவர்சல் மூலம், ஓரக்குறி இரண்டு வட்டம் (1939). எடுத்த காலம் 1939க்கும் 1953க்கும் இடையே."

"துண்டு 2: பந்தலில் பொதுக்கூட்டம், மேடையில் காந்தி. 16 எம்.எம். ரிவர்சல் மூலம், ஓரக்குறி ஒரு வட்டம் (1936). 1936க்கு முன் அல்ல. 1937 மார்ச் சென்னைக் கூட்டமாக இருக்கலாம், சரிபார்க்க வேண்டும். தாள் வாசிக்கும் முதியவர்: அடையாளம் உறுதியில்லை. குடும்பத்தார் கூற்று உ.வே.சாமிநாதையர்."

கண்டுபிடித்த காரணத்தையும் பதிவிலேயே எழுதுங்கள். பின்னால் வருபவர் உங்கள் முடிவை மறுக்க வேண்டுமானாலும் எதை மறுக்க வேண்டும் என்று தெரியும். "1921" எழுதிய காகிதத்தை உரித்துவிடாதீர்கள், டப்பாவை மாற்றினால் காகிதத்தோடு பழைய டப்பாவைப் படமெடுத்து எண்ணிட்டு வையுங்கள். அந்தக் கையெழுத்து யாருடையது என்று ஒருநாள் தெரியவரலாம். ஒட்டைப் பிரிக்கவும் வேண்டாம். யாரோ அந்த வரிசையில் ஒட்டினார்கள், அதுவும் இந்தச் சுருளின் வரலாறுதான்.